ஓப்பன்டபிள்யூஆர்டி ரவுட்டரும் ஒரு ஹார்ட் டிஸ்க்கும்: சில ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பிறகு

நிறுவனத்திடமிருந்து புதுப்பிப்பு வருவது நின்றபோது என் ரவுட்டரின் வன்பொருளில் ஒரு குறையும் இல்லை. அன்றாட வேலைக்குத் தாராளமாகப் போதும். ஆனால் பாதுகாப்பு ஓட்டைகள் அடைபடாத ஒரு பெட்டியை இணைய வாசலில் காவலுக்கு வைக்க மனம் வரவில்லை. ரவுட்டரின் உள்மென்பொருளை (ஃபர்ம்வேர்) மாற்றி, லினக்ஸ் அடிப்படையிலான திறந்த மூல ஓப்பன்டபிள்யூஆர்டியை ஏற்றினேன். சில ஆண்டுகளாக அதே பெட்டிதான் ஓடிக்கொண்டிருக்கிறது, பக்கத்தில் ஒரு யூஎஸ்பி ஹார்ட் டிஸ்க்குடன்.

லிங்க்சிஸ் நிறுவனம் தன் டபிள்யூஆர்டி54ஜி ரவுட்டரின் லினக்ஸ் மூலநிரலை 2003இல் வெளியிட வேண்டியதாயிற்று. அதை அடித்தளமாகக் கொண்டு 2004இல் தொடங்கியதே இந்தத் திட்டம். பெயரில் உள்ள மூன்றெழுத்தும் அந்த மாடலில் இருந்து வந்தவைதான்.

ஃபர்ம்வேர் ஏற்றுவதற்கு முன் பெட்டியின் அடியில் உள்ள லேபிளைப் படிக்க வேண்டும். மாடல் பெயர் மட்டும் போதாது; ஒரே பெயரில் வரும் முதல் பதிப்பிலும் இரண்டாம் பதிப்பிலும் வெவ்வேறு சிப்கள் இருக்கக்கூடும். 4 எம்பி ஃப்ளாஷும் (நிரந்தரச் சேமிப்பிடம்) 32 எம்பி ரேமும் கொண்ட பழைய பெட்டிகளை இத்திட்டம் கைவிட்டுவிட்டது. 8 எம்பி ஃப்ளாஷ், 64 எம்பி ரேம் என்பது குறைந்தபட்சம். டிஸ்க்கும் இணைக்கும் எண்ணம் இருந்தால் 128 எம்பி ரேமுக்குக் கீழே இறங்காதீர்கள் என்பேன்.

ஏற்றி முடித்ததும் பலர் பதறும் இடம் ஒன்று உண்டு: வைஃபை காணாமல் போயிருக்கும். பெட்டி பழுதாகவில்லை. பல மாடல்களில் வைஃபை அணைந்த நிலையில்தான் முதல்முறை எழும். கேபிள் வழியாக 192.168.1.1 முகவரிக்குப் போனால் லூசி என்னும் அமைப்புப் பக்கம் திறக்கும். அங்கே முதல் வேலை கடவுச்சொல் வைப்பது. முழு அதிகாரம் கொண்ட ரூட் பயனருக்கு அதுவரை கடவுச்சொல்லே கிடையாது. பிறகு வைஃபை அமைப்பில் நாட்டைத் தேர்ந்தெடுத்து, ரேடியோவை இயக்க வேண்டும்.

மாறியதன் பலன் எனக்கு முதலில் தெரிந்தது எஸ்க்யூஎம் என்ற, தரவு வரிசையை ஒழுங்குபடுத்தும் கூடுதல் மென்பொருள் பொதியில்தான். யாராவது பெரிய கோப்பை மேலேற்றத் தொடங்கினால் வீடியோ அழைப்பில் குரல் திக்கித் திக்கி வருமே, அதற்குக் காரணம் பெரும்பாலும் வேகக்குறைவல்ல, மோடத்தில் குவியும் தரவு வரிசை. எஸ்க்யூஎம்மில் கேக் என்ற வரிசை மேலாண்மை முறையைத் தேர்ந்து, இணைப்பின் உண்மையான வேகத்தில் 90 சதவீதத்தை ஒட்டி வரம்பு வைத்தால் அந்த வரிசை ரவுட்டரின் கட்டுப்பாட்டுக்கு வந்துவிடுகிறது. பத்தில் ஒரு பங்கு வேகத்தை விட்டுக்கொடுக்க மனமில்லாதவர்கள் உண்டு. நான் யோசிக்காமல் கொடுப்பேன். ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும். இந்த வேலை முழுவதும் ரவுட்டரின் சிபியு தலையில் விழுகிறது. சிபியுவுக்குப் பதில் தனி வன்பொருளே தரவைக் கடத்தும் வன்பொருள் ஆஃப்லோடுடன் இது ஒத்துப்போகாது. இணைப்பு மிக வேகமானது என்றால் மலிவான பெட்டி மூச்சு வாங்கும்.

இனி டிஸ்க் விஷயம். முதல் எதிரி மின்சாரம். யூஎஸ்பி 3.0 போர்ட் தர வேண்டியது 900 மில்லிஆம்பியர். சுழலத் தொடங்கும் நொடியில் 2.5 அங்குல டிஸ்க் அதற்கும் மேலே கேட்கலாம். டிஸ்க்கில் இருந்து 'டிக், டிக்' என்று சத்தம் வந்து, இணைப்பு அறுந்து, மீண்டும் ஒட்டுவது இதற்கான அடையாளம். தனி அடாப்டர் உள்ள யூஎஸ்பி ஹப் வாங்கினால் தீரும். இரண்டாவது எதிரி கண்ணுக்குத் தெரியாது. யூஎஸ்பி 3.0 எழுப்பும் மின்காந்த இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையைப் பாதிக்கும் என்று இன்டெல் 2012இலேயே ஓர் அறிக்கையில் விளக்கியிருக்கிறது. டிஸ்க்கைச் செருகிய பிறகு பழைய கருவிகள் மட்டும் இணைப்பை இழந்தால் இதைச் சந்தேகிக்கலாம். நல்ல கவசமுள்ள கேபிளைப் போட்டு, டிஸ்க்கை ஆன்டெனாவில் இருந்து தள்ளி வையுங்கள்.

டிஸ்க்கை லினக்ஸின் ஈஎக்ஸ்டி4 கோப்பு முறையில் வடிவமைப்பதே நல்லது. விண்டோஸின் என்டிஎஃப்எஸ் டிஸ்க்கை அப்படியே செருகியும் பயன்படுத்தலாம், லினக்ஸ் 5.15 முதல் கெர்னலிலேயே அதற்கான டிரைவர் உண்டு. ஆனாலும் திடீர் மின்வெட்டுக்குப் பிறகு அதைச் சரிபார்க்க விண்டோஸ் கணினியைத் தேடி ஓட வேண்டியிருக்கும். வீட்டுக் கணினிகளுடன் கோப்புகளைப் பகிரும் மென்பொருள்களில் சாம்பாவை விடக் கேஎஸ்எம்பிடி இலகுவானது. எதைப் போட்டாலும் வேகத்தைக் கட்டிப்போடுவது பெரும்பாலும் டிஸ்க் அல்ல, சிபியுதான். காப்புப் பிரதி எடுக்கவும் படம் பார்க்கவும் போதும். உண்மையான நாஸ் (வலைவழிச் சேமிப்பு) பெட்டியின் வேகத்தை எதிர்பார்க்கக் கூடாது.

டிஸ்க்கை மவுன்ட் செய்யும்போது, அதாவது ஒரு கோப்புறையுடன் பிணைக்கும்போது, சாதனப் பெயரைக் கொடுக்காமல் யூயூஐடி எனும் மாறாத அடையாள எண்ணைக் கொடுங்கள். இன்னொரு பென் டிரைவ் செருகினால் சாதனப் பெயர் மாறிவிடலாம். இதைவிட நுட்பமான ஆபத்து ஒன்று உண்டு. டிஸ்க் எழாத நாளிலும் மவுன்ட் கோப்புறை வெறுமையாக அங்கேயே இருக்கும். தானியங்கி பதிவிறக்கம் எதுவும் அறியாமல் அதில் எழுதிக்கொண்டே போகும். நிரம்புவதோ ரவுட்டரின் உள் ஃப்ளாஷ்! அது நிரம்பினால் அமைப்பு மாற்றங்களைக்கூடச் சேமிக்க முடியாது. என் ஸ்கிரிப்டுகள் எல்லாம் டிஸ்க் மவுன்ட் ஆகியிருக்கிறதா என்று பார்த்த பிறகே எழுதத் தொடங்குகின்றன.

எக்ஸ்ட்ரூட்டைப் பற்றித்தான் எனக்குப் பலருடன் கருத்து வேறுபாடு. படிக்க மட்டுமே முடிகிற ஸ்க்வாஷ்எஃப்எஸ் பகுதியின் மேல், மாற்றங்களைத் தாங்கும் ஓவர்லே அடுக்கை உள் ஃப்ளாஷில் இருந்து டிஸ்க்குக்கு மாற்றுவது எக்ஸ்ட்ரூட். பொதிகள் நிறுவ இடம் கொட்டிக்கிடக்கும். அந்தக் கவர்ச்சி எனக்கும் இருந்தது. ஆனால் ஒரு கேபிள் தளர்ந்தால் வீட்டின் இணையமே தடுமாறும். டிஸ்க் இல்லாமல் எழும் ரவுட்டர், மாற்றுவதற்கு முன்பிருந்த பழைய அமைப்புடன் எழும். ஃபர்ம்வேர் ஏற்றிய கையோடு எக்ஸ்ட்ரூட் செய்திருந்தால் வைஃபைகூட இருக்காது. சிஸ்அப்கிரேடு, அதாவது ஃபர்ம்வேர் புதுப்பிப்பு, செய்த பிறகும் தலைவலிதான்: யூஎஸ்பி டிரைவர் பொதிகள் புதிய ஃபர்ம்வேரில் இருக்காது, அவற்றை மறுபடி நிறுவ வேண்டும். அதன் பிறகும் பழைய யூயூஐடி அடையாளக் கோப்பை நீக்கும் வரை ரவுட்டர் டிஸ்க்கை ஏற்க மறுக்கும்.

ரவுட்டர் ரவுட்டராக இருக்கட்டும், டிஸ்க் கோப்புகளை மட்டும் சுமக்கட்டும் என்று முடிவெடுத்து, எக்ஸ்ட்ரூட்டைக் கழற்றிவிட்டேன். ஓப்பன்டபிள்யூஆர்டியின் ஃபர்ம்வேர் செலக்டர் வலைப்பக்கத்தில் எனக்குத் தேவையான டிரைவர்களையும் கேஎஸ்எம்பிடியையும் சேர்த்தே ஃபர்ம்வேரை உருவாக்கிக்கொள்கிறேன். அவை ஸ்க்வாஷ்எஃப்எஸ் பகுதிக்குள் சுருங்கி உட்காருவதால் ஓவர்லேயில் நிறுவுவதை விடக் குறைந்த இடமே பிடிக்கின்றன. புதிய பதிப்பு வரும்போது அந்தப் பொதிப் பட்டியலை எடுத்து ஒட்டி, அமைப்புகளின் நகலை கணினியில் இறக்கிவைத்து, டிஸ்க்கைக் கழற்றிவிட்டுப் புதுப்பிக்கிறேன்.