கல்வரீனோவா, லா ரொக்காவா? ஒரே குடும்பத்தின் இரண்டு சோவாவே

பியெரோபான் குடும்பத்தின் வெள்ளை ஒயினில் ஒரு பெட்டி வாங்கி வைத்து, வருடத்துக்கு ஒரு பாட்டிலாகத் திறந்து குடிப்பது என்று தீர்மானித்தேன். கல்வரீனோவா, லா ரொக்காவா என்ற கேள்வி அப்போதுதான் வந்தது. கல்வரீனோவை எடுத்தேன். இன்னொரு பெட்டி வாங்கினாலும் அதையேதான் எடுப்பேன். இதே யோசனையில் இருப்பவர்களுக்கு என் காரணங்கள் உதவக்கூடும்.

முதலில் கொஞ்சம் பின்னணி. இத்தாலியில் வெரோனாவுக்குக் கிழக்கே, கோட்டையும் மதிலுமாக இருக்கும் சிற்றூர் சோவாவே. அங்கே செய்யும் வெள்ளை ஒயினுக்கும் அதே பெயர்தான். பியெரோபான் குடும்பம் 1880 முதல் அங்கே ஒயின் செய்கிறது. 1968-இல் சோவாவேக்கு டிஓசி என்ற அதிகாரபூர்வ எல்லை வகுத்தபோது, பழைய குன்றுகளோடு சமவெளியும் உள்ளே வந்தது. சமவெளியில் ஏராளமாக விளைந்த திராட்சையால், சோவாவே என்றாலே மலிவான, தண்ணீர் போன்ற ஒயின் என்ற பெயர் உலகம் முழுக்கப் பரவியது. அந்தக் காலத்தில்தான் லியோனில்தோ பியெரோபான் 1971 அறுவடையை, கல்வரீனோ என்ற ஒரே தோட்டத்தின் பெயரைப் போட்டுத் தனியாக பாட்டிலில் அடைத்தார். சோவாவேயில் அதுதான் முதல் தனித்தோட்ட ஒயின். ஊர்ப் பெயரின் மதிப்பே சரிந்துகொண்டிருந்தபோது ஒரு தோட்டத்தின் பெயரை நம்பி இறங்க எவ்வளவு துணிச்சல் வேண்டும்! 1978-இல் லா ரொக்காவும் வந்தது. அவர் 2018-இல் காலமானார். இப்போது மகன்கள் ஆந்த்ரேயாவும் தாரியோவும் நடத்துகிறார்கள்.

இரண்டுமே இனிப்பில்லாத டிரை ஒயின். இரண்டிலும் முக்கியத் திராட்சை கர்கானெகா. இரண்டும் குன்றுப் பகுதியான கிளாசிக்கோவைச் சேர்ந்தவை. லா ரொக்கா விலை கூடுதல்.

வித்தியாசம் மண்ணிலிருந்து தொடங்குகிறது. கல்வரீனோ எரிமலைக் கரும்பாறை மண். அங்கே கர்கானெகாவோடு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ட்ரெபியானோ டி சோவாவேயும் சேர்கிறது. இந்தத் திராட்சையும், அட்ரியாட்டிக் கரையோரம் மார்க்கே பகுதியில் புகழ்பெற்ற வெர்திக்கியோவும் ஒரே ரகம் என்பது மரபணுச் சோதனையில் தெரிந்த விஷயம். நல்ல புளிப்பு உள்ள ரகம். ஒயின் நொதிப்பதும் ஓய்வெடுப்பதும், உள்பக்கம் கண்ணாடிப் பூச்சு போட்ட சிமென்ட் தொட்டியில். ஈஸ்ட் மண்டியோடு மாதக்கணக்கில் அப்படியே கிடக்கும். மரத்தின் வாசனை அதில் துளியும் கிடையாது.

லா ரொக்கா ஊர்க்கோட்டைக்குக் கீழே இருக்கும் சரிவு. சுண்ணாம்பு கலந்த களிமண். முழுக்க முழுக்க கர்கானெகா. பழத்தை நன்றாகப் பழுக்க விட்டுத் தாமதமாகப் பறிக்கிறார்கள், அப்புறம் ஓக் மரப் பீப்பாயில் வைக்கிறார்கள். கிளாஸில் ஊற்றும்போதே நிறம் கொஞ்சம் பொன்னாகத் தெரியும். வாயில் கனம், பழுத்த பீச் சுவை, பின்னணியில் மெல்லிய மர வாசனை. வாட்டிய கோழி, காளான் ரிசோட்டோ (இத்தாலியர்கள் குழைய வேகவைக்கும் சோறு), நாள்பட்ட சீஸ் இருக்கிற மேஜையில் எனக்கு லா ரொக்காதான் வேண்டும். கல்வரீனோ அங்கே சற்று மெலிந்துபோகிறது. அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

ஆனால் வாங்கி வைப்பது என்று வந்துவிட்டால், நான் ஒரு விஷயத்தை மட்டும்தான் பார்க்கிறேன்: எந்த வருடம் திறந்தாலும் அது குடிக்கும் நிலையில் இருக்குமா?

ஓக்கில் இருந்து வந்த வெள்ளை ஒயினுக்கு ஒரு சிக்கல் உண்டு. இளம் வயதில் மரமும் பழமும் தனித்தனியாக நிற்கும். இரண்டும் ஒன்றாகக் கலக்கச் சில வருடங்கள் வேண்டும். லா ரொக்காவில் மரம் அளவாகத்தான் இருக்கிறது, இருந்தாலும் வந்த புதிதில் திறந்தால் 'இன்னும் பொறுத்திருக்கலாமே' என்ற எண்ணம் எனக்கு வராமல் இருந்ததில்லை. அதாவது பெட்டியின் முதல் சில பாட்டில்களைத் தொடவே கூடாது. வருடத்துக்கு ஒன்று என்ற என் திட்டத்துக்கு அது ஒத்துவராது.

கல்வரீனோவில் அந்தக் காத்திருப்பு இல்லை. வந்த புதிதில் எலுமிச்சை, வெள்ளைப் பூ, முடிவில் கர்கானெகாவுக்கே உரிய அந்த இளம் பாதாம் கசப்பு. வருடங்கள் போகப்போகப் பூ வாசம் அடங்கி, தேனும் உலர்ந்த சாமந்தியும் கல்லை உரசினால் எழுகிற மாதிரி ஒரு வாசமும் மேலே வரும். புளிப்பு மட்டும் விட்டுக்கொடுக்காமல் நிற்கும். மரம் இல்லாததால், வரும் மாற்றம் எல்லாம் பழமும் மண்ணும் காலமும் செய்தது. ஒவ்வொரு வருடமும் அதே தோட்டத்தின் அதே அறுவடை வேறொரு முகத்தைக் காட்டுகிறது. எந்த வருடமும் வீணானதாகத் தோன்றவில்லை. இதற்காகத்தான் பெட்டி வாங்குகிறோம் என்று நினைக்கிறேன்.

ஒன்றைச் சொல்ல வேண்டும். பத்து வருடம் தாண்டிய லா ரொக்காவை நான் அதிகம் குடித்ததில்லை. குடித்த கொஞ்சத்தில் மரம் முழுக்கக் கரைந்து பிரமாதமாக இருந்தது. பொறுமையும் இடமும் உள்ளவர்கள் அதை வாங்கி மறந்துவிடலாம். நீண்ட தூரத்தில் கல்வரீனோதான் ஜெயிக்கும் என்று அடித்துச் சொல்லும் அளவுக்கு என்னிடம் அனுபவம் இல்லை. வழிநெடுகக் குடிக்க ஏற்றது கல்வரீனோ என்பதில் மட்டும் எனக்குச் சந்தேகமே இல்லை.

சாப்பாட்டைப் பொறுத்தவரை கல்வரீனோவுக்கு ஏரி மீன், பச்சைப் பட்டாணி ரிசோட்டோ, வெள்ளை அஸ்பாரகஸ் பொருந்தும். இரண்டையுமே ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு ஊற்ற வேண்டாம். 10 முதல் 12 டிகிரியில் குடித்தால்தான் வாசம் விரியும். லா ரொக்காவுக்கு இன்னும் ஒரு டிகிரி கூடினாலும் நல்லது, கிளாஸும் பெரிதாக இருக்கட்டும்.

வீட்டில் வெயில் படாத, வருடம் முழுக்க 14 டிகிரியைத் தாண்டாத இடம் ஏதும் இல்லையென்றால் இரண்டையும் சேமிக்க வாங்காதீர்கள். கோடைச் சூட்டில் சமையலறை அலமாரியில் கிடந்தால் எந்த நல்ல ஒயினும் கெட்டுவிடும். அப்படிப்பட்டவர்கள் இதே குடும்பத்தின் சாதாரண சோவாவே கிளாசிக்கோவை வாங்கலாம். விலையும் குறைவு, அந்த வருடத்திலேயே குடித்து முடித்துவிடலாம்.