சீட்டுக்குச் சாயம் என்று சொல்லி பெயின்ட் அடித்துத் தந்தார்கள்

வெளுத்துப்போன கார் சீட்டுக்கு ஸ்ப்ரே அடித்துப் புதுசாக்கித் தருகிறோம் என்று யாராவது சொன்னால், பணம் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள். நாங்கள் 6,500 ரூபாய் கொடுத்தோம். பணம் போனதைவிடப் பெரிய காரியம் ஒன்று நடந்தது. அதற்காகத்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

கார் அப்பாவுடையது. 2008 சான்ட்ரோ. கடன் போட்டு வாங்கினார். 15 வருஷம் முடிந்ததும் விற்றுவிடலாம் என்று நாங்கள் சொன்னபோது அவர் கேட்கவில்லை. ஆர்.சி. புதுப்பிக்க 5,000 கட்டணம், டயர், பிரேக் வேலை எல்லாம் பார்த்து இன்னும் ஐந்து வருஷத்துக்கு வாங்கிவிட்டார். இன்ஜின் நன்றாக இருக்கிறது. சீட்தான் பார்க்கவே பாவமாக இருந்தது. கோயம்புத்தூரில் எங்கள் வீட்டில் ஷெட் கிடையாது, தெருவோரம்தான் நிறுத்துவோம். மேற்கு வெயில் மதியத்திலிருந்து டிரைவர் பக்கக் கண்ணாடியில் விழும். சாம்பல் நிறத் துணி அந்தப் பக்கம் மட்டும் வைக்கோல் நிறத்துக்கு வந்துவிட்டது. முன் கண்ணாடி இரண்டு அடுக்காக, நடுவில் பிளாஸ்டிக் தாள் வைத்துச் செய்வது. வெயிலின் புற ஊதாக் கதிரை அது பெரும்பாலும் நிறுத்திவிடும். பக்கத்துக் கண்ணாடி ஒற்றை அடுக்கு, அவ்வளவு நிறுத்தாது. அதனால்தான் சீட்கள் எப்போதும் ஜன்னல் ஓரத்திலிருந்து வெளுக்க ஆரம்பிக்கின்றன.

கார் சாமான்கள் விற்று, சின்னச் சின்ன வேலையும் செய்து தரும் கடை அது. பெயர் போடவில்லை, புகார் இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. அப்பாவும் நானும்தான் போனோம்.

"கவர் தெச்சா ஒம்பதாயிரத்துக்கு மேல போயிருங்க. சீட்டக் கழட்டோணும், நாளாகும். இது துணிக்குன்னே வர்ற சாயமுங்க, வெளிநாட்டுச் சரக்கு. அடிச்சா உள்ள எறங்கிரும். மூணு வருசத்துக்கு நீங்க ஒண்ணும் பண்ண வேண்டாம்" என்றார் கடைக்காரர்.

அப்பா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "உக்காந்தா துணில ஒட்டாதுங்கள்ல?"

"அட, ஒட்டாதுங்கய்யா. நான் சொல்றனுங்கள்ல."

'உள்ள எறங்கிரும்' என்ற அந்த இரண்டு சொல்லை நினைவில் வையுங்கள். முழுப் பொய்யும் அதில்தான் இருந்தது.

இரண்டு நாள் கழித்து வண்டி வந்தது. பார்க்க நன்றாகத்தான் இருந்தது, அதை மறைக்கக் கூடாது. சீட் முழுக்க ஒரே சீரான கருஞ்சாம்பல் நிறம். அப்பா முகத்தில் அவ்வளவு சந்தோஷம். கையை வைத்தபோதுதான் எனக்கு என்னவோ போலிருந்தது. கஞ்சி போட்டுக் காயவைத்த துணி விறைத்து நிற்குமே, அப்படி இருந்தது. உள்ளே உட்கார்ந்தால் தின்னர் வாடை கண்ணை எரித்தது. கேட்டதற்கு, ரெண்டு நாள் கண்ணாடியை இறக்கிவிட்டு ஓட்டுங்கள், போய்விடும் என்றார். ஒரு வாரமாகியும் வாடை போகவில்லை. அம்மாவுக்குத் தலைவலி வந்தது. பழைய வண்டி, காற்று போக வழியில்லை என்று நாங்களே ஒரு காரணம் சொல்லிக்கொண்டோம்.

பதினோராம் நாள் கோபிசெட்டிபாளையத்தில் சொந்தக்காரர் கல்யாணம். சித்திரை மாத வெயில், வண்டியில் ஏ.சி. வேலை செய்யாது. இரண்டு மணி நேரத்துக்கு மேல் வேர்க்க வேர்க்க உட்கார்ந்து போய்ச் சேர்ந்தோம். மண்டபத்தில் அப்பா கடைசி வரிசையில் சுவரோரமாகப் போய் உட்கார்ந்துகொண்டார். தாலி கட்டியபோது அட்சதை போட மேடைப் பக்கம் வரவில்லை. பந்திக்குக் கூப்பிட்டபோதும் எழுந்திருக்கவில்லை. உடம்புக்கு முடியவில்லையோ என்று பயந்துபோய் நான் கையைப் பிடித்துத் தூக்கியபோதுதான் தெரிந்தது. இடுப்பிலிருந்து முழங்கால் வரை வேட்டியின் பின்பக்கம் முழுக்கக் கருஞ்சாம்பல் கறை. சட்டையின் முதுகிலும் அப்படியே, சீட்டின் தையல் கோடு உட்பட அச்சாக விழுந்திருந்தது. அதை யாரும் பார்த்துவிடக் கூடாது என்றுதான் அத்தனை நேரமும் உட்கார்ந்தே இருந்திருக்கிறார். அம்மாவின் பட்டுப் புடவையிலும் பட்டிருந்தது. சலவைக்காரர் இரண்டு முறை முயன்றும் அந்தக் கறை முழுதாகப் போகவில்லை.

சித்தப்பா பெருந்துறைப் பக்கம் ஒரு சாயப்பட்டறையில் இருபது வருஷத்துக்கு மேலாக வேலை பார்க்கிறார். கையோடு வண்டிக்கு வந்தார். கைக்குட்டையைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, சீட்டில் பத்துத் தடவை அழுத்தித் தேய்த்தார். கைக்குட்டை அடுப்புத் துடைத்த துணி மாதிரி ஆனது.

"ஏண்ணா, இது சாயமே இல்லண்ணா. பெயின்ட்டு" என்றார்.

அவர் சொன்னதை என் வார்த்தையில் சொல்கிறேன். கார் சீட் துணி பெரும்பாலும் பாலியெஸ்டர். பருத்தி மாதிரி அது சாயத்தைச் சுலபமாகக் குடிக்காது. அதன் இழை இறுக மூடியது. பட்டறையில் அதற்கென்றே உள்ள டிஸ்பெர்ஸ் சாயத்தைப் போட்டு, மூடிய மெஷினில் அழுத்தத்தோடு 130 டிகிரி வரை சூடேற்றி ஓட்டினால்தான் இழை இளகிச் சாயம் உள்ளே போகும். அதன் பிறகு ஒட்டாமல் நிற்கும் மிச்சச் சாயத்தைத் தனியாகக் கழுவி எடுக்க வேண்டும். சீட்டைக் கழற்றாமல், கதவைத் திறந்து வைத்து, டப்பாவால் அடித்தால் இதில் ஒன்றுகூட நடக்காது. நூல் மேல் ஒரு படலமாகக் காயும், அவ்வளவுதான். உட்கார்ந்து எழும்போது துணி மடங்கும், படலம் மடங்காது, வெடிக்கும். வியர்வையும் சூடும் சேர்ந்தால் தூள் தூளாகி உடுப்பில் ஏறும். இன்னொன்றும் சொன்னார்: வெயில் நிறத்தை மட்டும் தின்பதில்லை, நூலின் பலத்தையும் சேர்த்துத் தின்கிறது. வெளுத்த துணி பாதி இற்ற துணி. மேலே எந்த நிறம் அடித்தாலும் அந்தப் பலம் திரும்ப வராது.

இது வரைக்கும் என்றால் துணியும் பணமும் போனதோடு விட்டிருப்பேன். சித்தப்பா எதேச்சையாக டிரைவர் சீட் பெல்ட்டை இழுத்துப் பார்த்தார். பெல்ட் பாதி வந்து நின்றது. விட்டால் உள்ளே சுருளவில்லை, அப்படியே தொங்கியது. சீட்டுக்கு அடிக்கும்போது பெல்ட்டை ஒதுக்கிக் கட்டவுமில்லை, காகிதம் ஒட்டி மறைக்கவுமில்லை. அதன் மேலும் சேர்த்து அடித்திருக்கிறார்கள். ஒரு முழ நீளத்துக்கு நாடா விறைத்துப் பட்டை மாதிரி ஆகியிருந்தது. இடது பக்கப் பெல்ட்டும் அப்படித்தான். வரும் வழியில் பெல்ட் தளர்வாகவே இருக்கிறது என்று அம்மா சொன்னார். வண்டிக்கு வயசாகிவிட்டது என்று நான்தான் பதில் சொன்னேன். அவினாசி சாலையில் லாரிகளுக்கு நடுவே அந்தப் பெல்ட்டை நம்பித்தான் இரண்டு பேரையும் கூட்டிப் போயிருக்கிறோம்.

சீட் பெல்ட் நாடாவும் பாலியெஸ்டர் நெசவுதான். ஆனால் அதன் ஒவ்வொரு நூலும் மோதும்போது ஆளைப் பிடித்து நிறுத்த வேண்டிய நூல். லேசான சோப்புத் தண்ணீரால் துடைப்பதற்கு மேல் எதுவும் செய்யாதே, சாயம் ஏற்றாதே, பிளீச் போடாதே என்று காரோடு வரும் கையேடுகளில் எழுதியிருக்கும். பெயின்ட்டில் இருக்கும் கரைப்பான் அந்த நூலை என்ன செய்தது என்று வெளியில் பார்த்துச் சொல்ல முடியாது. துடைத்து எடுத்துவிட்டால் போதாதா என்று கேட்டதற்கு மெக்கானிக், "இதுல நான் பொறுப்பு ஏத்துக்க மாட்டனுங்க" என்று சொல்லி முன் பெல்ட் இரண்டையும் கழற்றிப் புதுசு போட்டார். அதற்கு 3,800. எங்கள் வண்டியில் ஏர்பேக் இல்லை. இப்போது வரும் பல வண்டிகளில் சைடு ஏர்பேக் சீட்டுக்குள்ளேயே இருக்கிறது; மோதும்போது சீட்டின் ஓரத் தையலைக் கிழித்துக்கொண்டுதான் அது வெளியே வர வேண்டும். அந்தத் தையல் மேல் பெயின்ட் படலத்தை ஏற்றிவைக்கும் எண்ணமே வேண்டாம்.

அன்றிரவு அப்பாவும் அம்மாவும் சித்தப்பா வண்டியில் ஊர் திரும்பினார்கள். மறுநாள் ஸ்டெப்னி பார்க்க டிக்கி விரிப்பைத் தூக்கியபோது மூன்று காலி டப்பாக்கள் கிடந்தன. அவர்கள் அடித்துவிட்டுப் போட்டது. இரும்பு, மரம், சுவர் ஆகியவற்றுக்கு என்று அச்சடித்திருந்தது. துணி என்ற சொல்லே இல்லை. வெளிநாட்டுச் சரக்கும் இல்லை. அதே டப்பாவில், தீப்பற்றக்கூடியது, 50 டிகிரிக்கு மேல் சூடு படவிடாதே, காலியான பிறகும் குத்தாதே என்று எச்சரிக்கை. கண்ணாடி ஏற்றி வெயிலில் நிறுத்திய காருக்குள் சித்திரையில் அந்தச் சூடு வரும். பதினோரு நாள் அவை எங்கள் வண்டிக்குள்ளேயே உருண்டுகொண்டிருந்திருக்கின்றன.

கடைக்குப் போனோம். முதலில் 'வெயில்ல நல்லாக் காயட்டும்' என்றார். கைக்குட்டையைக் காட்டியதும் 'உங்க துணி பழசுங்க, அது புடிக்கல' என்றார். டப்பாவைக் காட்டியதும் பேச்சே மாறியது. "எங்க கடையில பண்ணுனதுங்கறதுக்கு பில் இருக்குதுங்களா?" என்றார். பில் அவர் கொடுக்கவே இல்லை. நாங்களும் கேட்டு வாங்கவில்லை. ஆனால் 6,500-ஐ ஜிபேயில்தான் அனுப்பியிருந்தேன், 'சீட் ஸ்ப்ரே' என்று குறிப்பும் போட்டிருந்தேன். வேலை முடிந்தது என்று அவர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய படம் வேறு இருந்தது, நம்பர் பிளேட்டோடு.

பில் இல்லாவிட்டால் ஒன்றும் செய்ய முடியாது என்று நிறைய பேர் விட்டுவிடுகிறார்கள். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பில் தராமல் இருப்பதே முறையற்ற வணிகம்தான். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிந்தேன். பிறகு என்ன சொன்னார், என்ன அடித்தார், எவ்வளவு நஷ்டம் என்று ஒரு பக்கத்துக்கு எழுதி, படங்களோடு ஸ்பீடு போஸ்டில் கடைக்கு அனுப்பினேன். அது போய்ச் சேர்ந்த மூன்றாம் நாள் 4,000 ரூபாய் ஜிபேயில் வந்தது, 'முடிச்சுக்கலாம்' என்ற ஒரு வரியோடு. பெல்ட் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பெல்ட்டை விட்டுவிட எனக்கு மனசில்லை, மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகிறேன். 5 லட்சம் வரையான வழக்குக்கு அங்கே கட்டணம் கிடையாது, இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும், இணையத்திலேயே தாக்கல் செய்யலாம்.

துணிக்கென்றே செய்த அக்ரிலிக் ஸ்ப்ரே நிஜமாகவே கிடைக்கிறது. அதை மெல்லிசாக, ஒவ்வொரு பூச்சும் காய்ந்த பின் பிரஷ்ஷால் இழையைக் கலைத்துவிட்டு, மூன்று நான்கு முறை அடிப்பார்கள். கதவின் உள்பக்கத் துணி, பின் கண்ணாடிக்குக் கீழே இருக்கும் பலகைத் துணி போல உடம்பு படாத இடத்துக்கு அது சரி. தினமும் வியர்த்து உட்காரும் டிரைவர் சீட்டுக்கு அதையும் நான் அடிக்க மாட்டேன். முதலில் ஒரு சீட்டை மட்டும் ஷாம்பூ போட்டு, வேக்கூமால் அழுக்குத் தண்ணீரை உறிஞ்சி எடுக்கச் சொல்லுங்கள். வெளுப்பு என்று நினைத்ததில் பாதி அழுக்காக இருக்கலாம். அதற்கு மேலும் அடித்தே ஆக வேண்டும் என்றால், டப்பாவைக் கையில் வாங்கிப் படியுங்கள், கண்ணுக்குப் படாத மூலையில் உள்ளங்கை அகலம் அடிக்கச் சொல்லி ஒரு வாரம் விடுங்கள், பிறகு ஈரமான வெள்ளைத் துணியால் தேயுங்கள். பெல்ட் இரண்டையும் உங்கள் கண்ணெதிரே மூடிக் கட்டச் சொல்லுங்கள்.

கடைசியில் குஷன் கடைக்குத்தான் போனோம். அந்தப் பெரியவர் சீட்டைக் கழற்றி, பெயின்ட் அடித்த துணியை உரித்துப் போட்டார். உரிக்கும்போதே சில இடத்தில் கிழிந்தது. ஸ்பாஞ்ச் நன்றாக இருந்ததால் துணி மட்டும் மாற்றித் தைத்தார், 8,200 ஆனது, பில்லோடு. வண்டியை எடுக்கப் போன அன்று அப்பா உடனே உள்ளே உட்காரவில்லை. கைக்குட்டையை எடுத்தார், பாட்டில் தண்ணீரில் நனைத்தார், டிரைவர் சீட்டில் பத்துத் தடவை தேய்த்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு பெல்ட்டை முழு நீளம் இழுத்து விட்டார். அது சட்டென்று உள்ளே போனது.