காரின் ஸ்டியரிங் ரக் போய்விட்டது என்று சொன்னால் உடனே காசை எடுக்காதீர்கள்

பழைய கார் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து இதை முழுக்க வாசியுங்கள். யாழ்ப்பாண நகருக்குக் கிட்ட இருக்கும் ஒரு கராஜில் என் காரின் முன்பக்க வேலைக்கு 1,58,000 ரூபா வாங்கினார்கள். வந்த சத்தம் அப்படியே இருக்கிறது. அதைவிடப் பெரிய விஷயம், கழற்றிய இடத்தில் திரும்பப் போடவேண்டிய ஒரு பின்னைப் போடாமலே காரை ரோட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள். பெயரை இங்கே போடவில்லை, முறைப்பாடு விசாரணையில் இருக்கிறது.

கார் 1998 ஆம் ஆண்டு ரொயோட்டா கொரோலா, 110 என்று எல்லாரும் சொல்வது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்று, 2025 பெப்ரவரியில்தான் திரும்ப விட்டார்கள். விட்ட பிறகும் விலை எங்களைப் போன்றவர்களுக்கு எட்டாது. இருப்பதைத்தான் திருத்தித் திருத்தி ஓடவேண்டும் என்பது கராஜ்காரருக்கும் நன்றாகத் தெரியும்.

சத்தத்தைச் சொல்கிறேன். உரும்பிராயில் எங்கள் ஒழுங்கையால் வெளியே வரும்போது ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பினால், முன் இடது பக்கம் ஸ்பிரிங்கை இழுத்து விட்டதுபோல ஒரு 'டொங்'. திருப்பிய ஸ்டியரிங் தானாக நேருக்கு வராது, கையால் கொண்டுவர வேண்டும். சின்னச் சின்னப் பள்ளங்களில் மெதுவாக இறங்கி ஏறினால் தனியாக ஒரு 'டக் டக்'. இரண்டும் வேறு வேறு சத்தம் என்பதையும் சொன்னேன். பெடியன் ஒருவன் காரை எடுத்துக்கொண்டு ஒரு சுற்றுப் போய்வந்தான். ஜக் அடிக்கவில்லை, பொனட்டையும் திறக்கவில்லை. "அண்ணை, ரக் போட்டுது. ஷொக்கும் ரெண்டும் முடிஞ்சுது. இப்பிடி ஓடினா ஆபத்து" என்றார் முதலாளி. ரக் என்பது ஸ்டியரிங்கைத் திருப்பும்போது முன் சில்லுகளைத் திருப்பும் பாகம், ஷொக் என்பது குலுக்கத்தை அடக்கும் பாகம்.

ஆபத்து என்று சொன்னால் யார்தான் மறுத்துப் பேசுவார்கள்? மனைவியின் ஊர் வேலணை, பண்ணைத் தாம்போதியால்தான் போய்வருகிறோம், இரண்டு பக்கமும் கடல். கொழும்பில் வாகனச் சாமான் கடைகள் இருக்கும் பஞ்சிகாவத்தையில் இருந்து எடுப்பித்த ரீகண்டிஷன் ரக் 85,000, புது ஷொக் சோடி 48,000, கூலி 25,000 என்று வாயால் சொன்னார்கள். பில்லில் எழுதியது 'முன் வேலை' என்று இரண்டே சொல், கீழே மொத்தத் தொகை. பழைய ரக்கைக் கேட்டேன். இரும்புக்குப் போட்டாச்சாம்.

வீட்டுக்கு வரும்போதே அதே 'டொங்', அதே 'டக் டக்'. புதிதாக, நேராக ஓடும்போது ஸ்டியரிங் வலப்பக்கம் சரிந்து நிற்கத் தொடங்கியது. திரும்பப் போனால் "புதுச் சாமான், செற் ஆகும் மட்டும் சத்தம் இருக்கும்" என்றார்கள். ரக்கோ ஷொக்கோ ஓட ஓடச் செற் ஆகிச் சத்தம் அடங்கும் சாமான் இல்லை. சரியாகப் பூட்டினால் முதல் நாளே சத்தம் இருக்கக்கூடாது. அடுத்த முறை போனபோது சில்லைக் கீழே பிடித்திருக்கும் லோவர் ஆம் இரண்டையும் மாற்றவேண்டும் என்றார்கள். அதோடு காரை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

கொடிகாமத்தில் ஒரு வயதான மெக்கானிக் இருக்கிறார். அவர் முதலில் ஒரு ஸ்பனரைக்கூடத் தொடவில்லை. எஞ்சினை ஓடவிட்டு, என்னை ஸ்டியரிங்கை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மெதுவாகத் திருப்பச் சொன்னார். பொனட்டுக்குள் இடது ஷொக்கின் தலையில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றார். பிறகு "தம்பி, இறங்கி வந்து நீங்களும் கையை வையுங்கோ" என்றார். தன் பெடியனைத் திருப்பச் சொன்னார். கைக்குக் கீழே அது இறுகிக்கொண்டே வந்து, திடீரென்று ஒரு துள்ளுத் துள்ளியது. 'டொங்' அதுதான். ஷொக்கின் தலையில், அதைக் காரின் உடம்போடு பூட்டும் மவுண்டோடு ஒரு பெயரிங் இருக்கிறது. ஸ்டியரிங்கோடு ஸ்பிரிங் சுழல வழிவிடுவது அதுதான். அது இறுகினால் ஸ்பிரிங் முறுகி நின்று துள்ளும், ஸ்டியரிங்கும் தானாக நேருக்கு வராது. நான் முதல் நாள் சொன்ன இரண்டு குறைக்கும் ஒரே காரணம். ரக்குக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

'டக் டக்'குக்கு அவர் செய்தது இன்னும் சுலபம். கார் சரியாமல் பிடிக்கும் ஸ்டெபிலைசர் கம்பியைச் சில்லுப் பக்கத்தோடு இணைக்கும் லிங்க் இரண்டையும் கழற்றிவிட்டு, பக்கத்து ஒழுங்கையில் மெதுவாக ஒரு ஓட்டம் ஓடினோம். சத்தம் இல்லை. கழற்றிய லிங்கைக் கையில் தந்தார். அதன் உருண்டைத் தலை ஒரு பிடிப்பும் இல்லாமல் ஆடியது.

அப்புறம் ஜக் அடித்து ரயரைக் கழற்றினார். ஷொக் கறுப்பாகப் பளபளவென்று இருந்தது. அவர் நகத்தால் சுரண்டினார். பெயின்டுக்குக் கீழே எங்கள் ஊர்ச் செம்மண். பழைய ஷொக்கையே கழுவாமல் பெயின்ட் அடித்திருக்கிறார்கள், ஸ்பிரிங்குக்குக் கீழே இருக்கும் ரப்பரிலும் பெயின்ட் தெறித்திருந்தது. ரக்கின் ரப்பர் உறையை அமத்தினால் உள்ளே ஒயில் தளும்பியது. 85,000 ரூபா ரக் ஒழுகுகிறது.

இவ்வளவும் காசு போன கதை. ரக்கில் இருந்து சில்லுக்குப் போகும் கம்பியின் முனையை, அதாவது ரை ரொட் என்டைப் பார்த்தபோதுதான் அவருடைய முகம் மாறியது. "தம்பி, இதில பின் இல்லை. ஆர் கழட்டினது?" என்று கேட்டார்.

ரை ரொட் என்டைச் சில்லோடு சேர்த்துப் பூட்டும் நட்டின் தலை வெட்டு வெட்டாக இருக்கும். அந்த வெட்டுக்குள்ளால் ஒரு ஸ்பிளிட் பின்னை விட்டு இரண்டு காலையும் விரித்து மடக்கவேண்டும், நட் கழராமல் இருக்க. ரக்கை இறக்குவதற்கு அதைக் கழற்றித்தான் ஆகவேண்டும். இடது பக்கம் பின்னே இல்லை, நட் விரலால் சுற்றும் அளவுக்குக் கழன்று வந்திருந்தது. அது முழுதாகக் கழன்று ரை ரொட் விழுந்தால் அந்தச் சில்லு ஸ்டியரிங்குக்குக் கட்டுப்படாது. அந்த நிலையில்தான் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு தாம்போதியால் போய்வந்திருக்கிறோம். நினைக்க இப்போதும் நெஞ்சு பதறுகிறது.

அண்மையில் எங்கேயாவது முன்பக்க வேலை செய்வித்திருந்தால் இன்றைக்கே பாருங்கள். காரைச் சமதரையில் நிறுத்தி, ஹான்ட் பிரேக் போட்டு, ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுக்கத் திருப்பிவிட்டு, சில்லுக்குப் பின்னால் ரோச் அடித்தால் அந்த நட் தெரியும். பின்னின் மடங்கிய கால் கண்ணில் படவேண்டும். மற்றப் பக்கத்தையும் அப்படியே பாருங்கள். சில வாகனங்களில் பின் இல்லாமல் தானாக இறுகும் நட் வரும், அதைத் தெரிந்த ஒருவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

சத்தங்களைப் பற்றிக் கொடிகாமத்து ஐயா சொன்னதையும் எழுதிவிடுகிறேன். ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து அக்சிலேற்றரை மிதிக்கும்போது 'டிக் டிக்' என்று வந்தால் அநேகமாக எஞ்சினின் சுழற்சியைச் சில்லுக்குக் கொடுக்கும் சிவி ஜொயின்ட். கடைசிவரை திருப்பிப் பிடிக்கும்போது முனகினால் முதலில் பவர் ஸ்டியரிங் ஒயிலையும் பெல்ட்டையும் பார்க்கவேண்டும். வேகத்தோடு கூடிக்கொண்டு போகும் இரைச்சல் பெரும்பாலும் சில்லுப் பெயரிங் அல்லது ரயர். ரக்கில் ஆட்டம் என்று யாராவது சொன்னால், சில்லைத் தூக்கி இடமும் வலமும் பிடித்து ஆட்டி, ஆட்டம் எந்த மூட்டில் என்று உங்கள் கண்முன்னே காட்டச் சொல்லுங்கள். லோவர் ஆமின் மூட்டில் இருக்கும் ரப்பர் புஷ்ஷை மாற்றினால் அதைப் பூட்டும் நட்டைக் கடைசியாக இறுக்குவது கார் நிலத்தில் தன் பாரத்தோடு நிற்கும்போதுதான். தூக்கிவைத்தபடி இறுக்கினால் புஷ் முறுகிச் சீக்கிரம் கிழியும். ரக் அல்லது ரை ரொட் வேலைக்குப் பிறகு சில்லுகளின் கோணத்தைச் சரிசெய்யும் அலைன்மென்ட் கட்டாயம். என் ஸ்டியரிங் சரிந்து நின்றதற்கு அதைச் செய்யாததுதான் காரணம்.

கொடிகாமத்தில் மவுண்ட் சோடி, லிங்க் சோடி, பின், கூலி எல்லாம் சேர்த்து 30,000 ரூபாவுக்குள் முடிந்தது. இரண்டு சத்தமும் போய்விட்டன. ஒழுகும் ரக்குக்கும் பழைய ஷொக்குக்கும் இனித்தான் வழி பார்க்கவேண்டும்.

பெயின்ட் சுரண்டிய ஷொக்கையும் பின் இல்லாத நட்டையும் கழற்றுமுன் படம் எடுத்து, பில்லோடு சேர்த்து பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் கொடுத்திருக்கிறேன். 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டப்படி வேலை நடந்து மூன்று மாதத்துக்குள் கொடுக்கவேண்டும், பிந்தவிடாதீர்கள். அவர்களுடைய தொலைபேசி 1977. கராஜ் முதலாளி பாதிக் காசைத் தருகிறேன், முறைப்பாட்டை எடுத்துவிடுங்கள் என்று ஆள் விட்டிருந்தார். எடுக்கமாட்டேன் என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.