மென்பொருள் காப்புரிமையை எடைபோட கூகுள் பேட்டன்ட்ஸ் எவ்வளவு உதவும்?

ஒரு மென்பொருள் காப்புரிமையின் உரிமைகோரல், அதாவது எதற்குப் பாதுகாப்பு வேண்டும் என்று வரையறுக்கும் பகுதி, அத்துறையில் சராசரித் தேர்ச்சி உள்ள ஒருவருக்கு முந்தைய கண்டுபிடிப்புகளிலிருந்தே எளிதில் தோன்றியிருக்கக்கூடியதா என்று ஆராய்பவர்களில் பலர் முதலில் திறப்பது கூகுள் பேட்டன்ட்ஸைத்தான். 2006இல் தொடங்கிய, கட்டணமில்லாத இந்தத் தேடல் சேவையை அந்த ஒரு வேலைக்கான கருவியாக மட்டும் இங்கே மதிப்பிடுகிறேன்.

தேடித் தருவதில் குறை சொல்ல அதிகமில்லை. சீன, ஜப்பானிய ஆவணங்களை இயந்திர மொழிபெயர்ப்பில் படிக்கலாம். ஓர் ஆவணம் எவற்றைச் சுட்டியது, பின்னர் எவை அதைச் சுட்டின என்பதெல்லாம் ஒரே பக்கத்தில் கிடைக்கின்றன. தேதி வடிகட்டி மட்டும் மிகுந்த கவனத்தைக் கேட்கிறது. முன்னுரிமைத் தேதியை, அதாவது கண்டுபிடிப்புக்கு முதன்முதலில் விண்ணப்பித்த நாளை, கொண்டு வடிகட்டினால், முன்பே விண்ணப்பிக்கப்பட்டுப் பின்னர் வெளியான பிறரது ஆவணங்களும் வந்து சேரும். அமெரிக்காவில் இவற்றையும் எதிர்வாதத்திற்குப் பயன்படுத்த இடமுண்டு. ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகத்திலோ இத்தகைய விண்ணப்பங்கள் புதுமையை மறுக்க உதவுமே தவிர, எளிதில் எட்டக்கூடியது என்று வாதிட உதவா. ஆகவே எந்த நாட்டுச் சட்டம் என்பதை முடிவுசெய்த பிறகே தேதியைத் தேர்வது நல்லது.

என் பெரிய தயக்கம், ஓர் ஆவணத்தின் பக்கத்தில் இத்தளம் காட்டும் ஒத்த ஆவணங்களின் பட்டியலைப் பற்றியது. இணைப்பு அறுந்தால் படிவத்தின் வரைவைக் கைபேசியிலேயே சேமித்து, இணைப்பு திரும்பியதும் சேவையகத்தோடு ஒத்திசைக்கும் முறையை ஒருவர் கோருகிறார் என்று வைத்துக்கொள்வோம். தானியங்கிச் சேமிப்பை ஓர் ஆவணமும் ஒத்திசைவை இன்னொன்றும் விவரித்திருக்க, இரண்டும் அடுத்தடுத்துக் கண்ணில் பட்டவுடனே அவற்றைச் சேர்ப்பது மிக இயல்பானது என்ற எண்ணம் எழுந்துவிடும். விடையை அறிந்த பின் பிறக்கும் இந்த எண்ணத்தை நம்பக் கூடாது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1966இல் கிரஹாம் வழக்கில் வகுத்தபடி, முன்பிருந்தவை எவை, உரிமைகோரலுக்கும் அவற்றுக்கும் உள்ள வேறுபாடு என்ன, அன்றைய சராசரித் தேர்ச்சி எவ்வளவு என்பவற்றை முதலில் நிறுவ வேண்டும். கார் மிதிகட்டை தொடர்பான 2007ஆம் ஆண்டின் கேஎஸ்ஆர் தீர்ப்பு, இணைக்கச் சொல்லும் குறிப்பு முந்தைய ஆவணத்திலேயே வெளிப்படையாக இருந்தாக வேண்டும் என்ற கண்டிப்பை நீக்கியது. ஆனால் இணைப்பதற்கான காரணத்தைத் தெளிவாகச் சொல்லும் கடமையை நீக்கவில்லை. அந்தக் காரணத்தை எந்தப் பட்டியலும் எழுதித் தராது.

மென்பொருளில் இன்னொரு இடைவெளியும் உண்டு. பல நுட்பங்கள் காப்புரிமை ஆவணங்களில் அல்லாமல் பயனர் கையேடுகளிலும் திறந்த மூல நிரல்களின் பதிவுகளிலும்தான் முதலில் வெளியாயின. கூகுள் ஸ்காலர் வழியாக ஆய்வுக் கட்டுரைகள் கிடைத்தாலும், இவற்றைத் தனியே தேடித்தான் ஆக வேண்டும்.

தொடக்கத் தேடலுக்கு இதைத் தயக்கமின்றிப் பரிந்துரைக்கிறேன். எனினும், முன்னுரிமைத் தேதியும் சட்ட நிலையும் அனுமானமே என்று இத்தளமே குறிப்பிடுவதால், எதிர்ப்பு மனு தயாரிப்பவர்கள் அவ்விரண்டையும் உரிய காப்புரிமை அலுவலகத்தின் பதிவேட்டில் சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.