ஒட்டாவாவுக்குப் போகிற ஓட்டு: கனடாவின் தபால் வாக்குச் சேவை, கும்பகோணத்துக் கணக்கில்

கனடா குடியுரிமை வாங்கிய பெரியவர்கள் பனிக்காலம் முழுக்கக் கும்பகோணம், மன்னார்குடி, மாயவரம் பக்கம் சொந்த வீட்டுக்கு வந்து தங்குவது சகஜமாகிவிட்டது. அந்த நேரம் பார்த்து அங்கே நாடாளுமன்றத் தேர்தல் அறிவித்தால், இங்கிருந்தே தபாலில் ஓட்டுப் போட, அந்நாட்டுத் தேர்தல் ஆணையமான எலெக்‌ஷன்ஸ் கனடா தரும் வழிக்கு ‘ஸ்பெஷல் பேலட்’ என்று பெயர். விதிமுறைகளுக்குத் தாராளமாக மதிப்பெண் போடலாம். நேரக் கணக்கில்தான் இந்தச் சேவை தேறவில்லை.

முதலில் எந்தத் தொகுதி என்பது. டொராண்டோவுக்கு வடக்கே மஸ்கோகாவில் ஏரிக்கரை காட்டேஜ் இருக்கிறது, வரி கட்டுகிறோம், அதனால் ஓட்டும் அங்கே என்று நினைத்தால் தவறு. வழக்கமாகக் குடியிருக்கும் வீடு டொராண்டோவில் என்றால் ஓட்டும் டொராண்டோவில்தான். ஹன்ட்ஸ்வில், பிரேஸ்பிரிட்ஜ், கிரேவன்ஹர்ஸ்ட் ஊர்களிலேயே நிரந்தரமாக இருப்பவர்களுக்குத்தான் பாரி சவுண்ட்–மஸ்கோகா தொகுதி. 2019 முதல் கன்சர்வேடிவ் கட்சியின் ஸ்காட் ஏட்சிசன் அங்கே தொடர்ந்து ஜெயித்துவருகிறார். அதனால் ஒரு ஓட்டில் என்ன ஆகிவிடப் போகிறது என்று கேட்பவர்கள் உண்டு. ஆனால் இதே தொகுதியில் 2006-ல் கன்சர்வேடிவ் டோனி கிளெமென்ட், அப்போது அமைச்சராக இருந்த லிபரல் ஆண்டி மிட்செலைத் தோற்கடித்தது வெறும் 28 ஓட்டில்.

விண்ணப்பம் இரண்டு வகை. கனடாவை விட்டு இங்கேயே குடிவந்துவிட்ட குடிமக்கள், வெளிநாட்டு வாக்காளர் பதிவேட்டில் எப்போது வேண்டுமானாலும் சேரலாம். கனடா பாஸ்போர்ட் நகல், அங்கே கடைசியாகக் குடியிருந்த முகவரி, இங்குள்ள தபால் முகவரி கேட்பார்கள். ஐந்து வருஷத்துக்கு மேல் வெளியே இருந்தால் ஓட்டு இல்லை என்ற பழைய கட்டுப்பாடு இப்போது கிடையாது. பதிவேட்டில் பெயர் இருந்தால் தேர்தல் அறிவித்ததும் வாக்குச்சீட்டு உறை தானாகக் கிளம்பும். சில மாதம் தங்க வந்தவர்கள் பாடுதான் திண்டாட்டம். தேர்தல் அறிவித்த பிறகுதான் அவர்கள் விண்ணப்பிக்கவே முடியும்.

2025 தேர்தலையே எடுத்துக்கொள்ளுங்கள். மார்ச் 23-ல் அறிவிப்பு, ஏப்ரல் 28-ல் வாக்குப்பதிவு. விண்ணப்பிக்கக் கடைசி நேரம் ஏப்ரல் 22 மாலை 6 மணி. நிரப்பிய சீட்டு 28-ம் தேதி ஒட்டாவா நேரம் மாலை 6 மணிக்குள் அங்கே போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். நமக்கு அது 29 அதிகாலை 3.30. இங்கே தபால் முத்திரை விழுந்த தேதிக்கு மதிப்பில்லை. இடையில் சித்திரை முதல் நாள் விடுமுறை, புனித வெள்ளி விடுமுறை. 22-ம் தேதி விண்ணப்பித்தவருக்கு உறை வந்து, நிரப்பி, திரும்பப் போய்ச் சேர்வதெல்லாம் ஏட்டுச் சுரைக்காய்தான். அறிவிப்பு வந்த அன்றே விண்ணப்பிக்க வேண்டும். முகவரியில் ஊர் பேரோடு நிறுத்தாமல் தெரு, கதவு எண், வழி, பின்கோடு, கைபேசி எண் அத்தனையும் எழுதுங்கள். டெல்டாவில் ஒரே பேரில் எத்தனை நல்லூர், எத்தனை மங்கலம்!

உறைக்குள் வரும் சீட்டில் வேட்பாளர் பெயரோ சின்னமோ இருக்காது, வெறும் கோடுதான். வேட்பாளர் பெயரை நாமே எழுத வேண்டும். சீட்டு சீக்கிரமே வந்துவிட்டால் வேட்புமனு முடிந்து பட்டியல் இணையத்தில் ஏறும்வரை பொறுத்திருந்து பெயரைச் சரிபார்த்து எழுதுவது நல்லது. கட்சிப் பெயரை மட்டும் எழுதினால் ஓட்டு செல்லாது. நம்மவர்கள் அதிகம் சறுக்கக்கூடிய இடம் இதுதான். சீட்டை மடித்து, எதுவும் எழுதாத உள் உறையில் போட்டு, அதை வெளி உறையில் வைத்து ஒட்டி, வெளி உறையில் கையெழுத்தும் தேதியும் போட வேண்டும். வீட்டில் கணவன் மனைவி இருவருக்கும் உறை வந்திருந்தால் ஒருவர் முடித்த பிறகு அடுத்தவர் உட்காருங்கள். உறை மாறினால் கையெழுத்தும் மாறிப்போகும்.

திருப்பி அனுப்பும் உறைக்கு இங்கே தபால் செலவு நம்முடையது. கிராமத்துக் கிளை அஞ்சலகத்தில் கொடுக்காமல் கும்பகோணம் தலைமை அஞ்சலகம் போய் வெளிநாட்டு ஸ்பீடு போஸ்டில் போடுங்கள். ரசீது எண்ணை வைத்து எங்கே போகிறது என்று பார்க்கலாம். உறையில் அச்சிட்ட முகவரியையும் ஒருமுறை சரிபாருங்கள். இது வீண் சந்தேகம் இல்லை. 2025-ல் கியூபெக்கின் டெர்போன் தொகுதி ஒரே ஒரு ஓட்டில் முடிவானது. அங்கே ஒருவர் தபாலில் போட்ட ஓட்டு, உறையில் அஞ்சல் குறியீட்டை ஆணையமே தவறாக அச்சிட்டிருந்ததால், அவர் வீட்டுக்கே திரும்பி வந்தது.

நம் ஊரோடு ஒப்பிட்டால்? இந்திய பாஸ்போர்ட்டோடு வெளிநாட்டில் இருப்பவர் 6ஏ படிவம் போட்டுப் பெயர் சேர்க்கலாம். ஓட்டுப் போட நேரில் வந்தாக வேண்டும். அந்த வகையில் கனடா எவ்வளவோ மேல். ஆனால் எல்லையில் நிற்கும் நம் ராணுவ வீரருக்கு வாக்குச்சீட்டு மின்னணு வழியில் போகிறது, அச்சிட்டுத் தபாலில் திருப்பினால் போதும். கனடா ஏன் இன்னும் வெற்றுத் தாளைக் கடல் தாண்டி அனுப்பிக்கொண்டிருக்கிறது என்று புரியவில்லை. போகும் பாதி நேரமாவது மிச்சமாகுமே.

வாக்குப்பதிவுக்கு முன்பே திரும்பிப் போக டிக்கெட் வைத்திருப்பவர்கள் இந்தச் சேவை பக்கமே போக வேண்டாம். 2025-ல் முன்கூட்டிய வாக்குப்பதிவு ஏப்ரல் 18 முதல் 21 வரை நடந்தது. ஏப்ரல் நடுவில் திரும்பியவர்கள் விமானம் இறங்கி நேரிலேயே போட்டிருக்கலாம். ஸ்பெஷல் பேலட்டுக்கு விண்ணப்பித்து அது ஏற்கப்பட்டுவிட்டால் மனம் மாறிச் சாவடிக்குப் போக வழியில்லை.