ஐ.நா. வேலைவாய்ப்புத் தளம்: தருமபுரியிலிருந்து விண்ணப்பித்தால் எப்படி?

ஐ.நா. செயலகத்தின் இன்ஸ்பிரா தளத்தில் கடைசித் தேதி நியூயார்க் நேரப்படி இரவு 11.59-க்கு முடிகிறது. நமக்கு அது மறுநாள் காலை 9.29, அமெரிக்கக் குளிர்காலத்தில் 10.29. கரண்ட்டையும் நெட்டையும் நம்பி அதுவரை இழுக்கக் கூடாது. அனுப்பிய விண்ணப்பத்தைத் திருத்த வழியில்லை.

கட்டணம் ஒரு ரூபாய்கூடக் கிடையாது. எந்தக் கட்டத்திலும் ஐ.நா. பணம் வாங்குவதில்லை. ஆகவே ஐ.நா. வேலைக்கென்று பணம் கேட்கும் ஏஜென்ட் யாரானாலும் அது ஏமாற்றுதான்.

சறுக்கும் இடங்கள் இவை. பட்டம் தந்தது பெரியார் பல்கலைக்கழகம். அந்த இடத்தில் கல்லூரிப் பெயரைப் போட்டுவிடுகிறார்கள். சான்றிதழில் 'மு.' என்றிருக்கும் இன்ஷியல், பாஸ்போர்ட்டில் அப்பா பெயராக விரிந்திருக்கும். பாஸ்போர்ட்டில் உள்ளபடியே நிரப்புங்கள். முன்தேர்வுக் கேள்விகளில் ஒரு 'இல்லை' போதும், விண்ணப்பம் அங்கேயே கழிந்துவிடலாம். பி-3 எனப்படும் இடைநிலை வல்லுநர் பணிக்கு முதுகலையுடன் 5 ஆண்டு அனுபவம் வேண்டும். இளங்கலை மட்டும் என்றால் பொதுவாக இன்னும் 2 ஆண்டு கூடும். 32 வயதுக்குள் இருப்பவர்களுக்கான இளம் வல்லுநர் தேர்வில் பங்கேற்கும் நாடுகளின் பட்டியல் ஆண்டுதோறும் மாறும். படிக்க உட்காரும் முன் அதில் இந்தியா இருக்கிறதா என்று பாருங்கள்.

தளத்தின் வடிவமைப்பு நன்று. குறை அதன் பின்னாலுள்ள கணக்கில். ஐ.நா. சாசனத்தின் 101-வது பிரிவு திறமையையும் நேர்மையையும் முதலில் வைத்து, இயன்றவரை பரந்த நிலப்பரப்பிலிருந்து ஆள் எடுக்கச் சொல்கிறது. எந்த நாட்டுக்கு எத்தனை பணியிடம் என்று கணக்கிட 1988-ல் நடைமுறைக்கு வந்த பங்கீட்டில் உறுப்பு நாடு என்பதற்கு 40 சதவீதம், நிதிப் பங்களிப்புக்கு 55, மக்கள்தொகைக்கு வெறும் 5. இத்தனை கோடிப் பேர் வாழும் நாட்டுக்கு இது நியாயமில்லை. அதிலும் இந்தியா ஒரே பெட்டி. பென்னாகரத்துப் பெண்ணும் டெல்லியில் படித்து வளர்ந்தவரும் அதில் ஒன்றுதான்; தாலுகா, குடும்பத்தின் முதல் பட்டதாரி என்பதெல்லாம் அங்கே ஏறாது.

பெண்கள் பக்கம் முன்னேற்றம் உண்மையானது. 2017-ல் வந்த சமநிலைத் திட்டத்துக்குப் பின், 2020 தொடக்கத்தில் முழுநேர உயர்பதவிகளில் ஆண், பெண் எண்ணிக்கை சமமானது. அமைதிப் பணி நடக்கும் களங்களில்தான் இன்னும் பின்தங்கியிருக்கிறது.

ஆனால் வாசலே சம்பளமில்லாத இன்டர்ன்ஷிப்பாக இருந்தால்? நியூயார்க் வாடகையைக் கட்ட முடிந்த வீட்டுப் பிள்ளைகள்தானே அதில் நுழைய முடியும். தளத்துக்கு ஐந்துக்கு நான்கு கொடுக்கலாம். இந்த வாசலுக்கு இரண்டுக்கு மேல் தர மனம் வரவில்லை.

பாலக்கோட்டிலோ அரூரிலோ இருந்து தொடங்குபவருக்கு ஐ.நா. தொண்டர் தளம் நல்ல வழி. 18 வயது நிறைந்தால் பதியலாம். மொழிபெயர்ப்பு, வடிவமைப்பு போன்ற இணையவழிப் பணிகளை வீட்டிலிருந்தே செய்யலாம்; அதற்குச் சம்பளம் இல்லை. உள்நாட்டுத் தொண்டர் பணிக்கு மாதாந்திர வாழ்வுப்படி உண்டு. செய்த வேலையை மாதக் கணக்கோடு குறித்து வையுங்கள், இன்ஸ்பிரா சுயவிவரத்தில் தொடங்கிய மாதமும் முடிந்த மாதமும் கேட்கும்.