சுத்துற கண்ணாடி வச்ச ரவுண்டு டைனிங் டேபிள்: கூட்டுக் குடும்பத்துக்கு சரிப்பட்டு வருமா?

மதுரை பைபாஸ் ரோட்டுல ஒரு ஃபர்னிச்சர் கடையில எடுத்தோம். தேக்கெல்லாம் இல்ல, ரப்பர் மரம் தான், நாலரை அடி ரவுண்டு, நடுவுல ரெண்டேகால் அடிக்கு டஃபன்டு கண்ணாடி (சுலபமா உடையாத கெட்டிக் கண்ணாடி), அதுக்கு அடியில பேரிங் ரிங். ஆறு சேரோட 31,000 சொன்னாய்ங்க, பேசிப் பேசி 27,500க்கு முடிச்சோம். சைனீஸ் ஹோட்டல்ல பாத்திருப்பீங்க, விரலால தள்ளுனா டிஷ்ஷெல்லாம் சுத்தி நம்ம முன்னாடி வந்து நிக்கும்ல, அதே தான்.

இதுக்கு முழுக் காரணம் என் தம்பி. லைட் ஐட்டம் எடுக்க சீனாவுல குவாங்சௌ போய்ட்டு வர்றவன், அங்க சப்ளையர் ஒருத்தர் வீட்டுக்கு சாப்பிடக் கூப்பிட்டுருக்காரு, வந்ததுல இருந்து அதே பேச்சு. வாசலைப் பாத்த மாதிரி இருக்க சீட்டு தாத்தாவுக்கு, அவரு ஒரு வாய் எடுக்குற வரைக்கும் ஒருத்தரும் கைய வைக்கல, நல்ல துண்டா பாத்து பேரன் கிண்ணத்துல அவரே எடுத்து வச்சாருன்னான். இதுல என்னடா அதிசயம், நம்ம வீட்லயும் அப்பத்தா இப்படித்தானன்னு கேட்டேன். அப்பத்தான் சொன்னான், சமைச்சது அந்தத் தாத்தாவும் பாட்டியுமாம், மருமக ஆபீஸ்ல இருந்து வந்து பேக்கை வச்சுட்டு கையக் கழுவி நேரா வந்து உக்காந்து எல்லாரோடயும் சாப்பிட்டுச்சாம், யாரும் முகத்தைச் சுளிக்கல. அன்னைக்கே டேபிள் வாங்குறதுன்னு முடிவு பண்ணிட்டேன்.

அங்கயும் முன்னாடி அப்படி ஒண்ணும் கிடையாதுங்க. பழைய சீனக் குடும்பத்துல அப்பா பேச்சு தான் சட்டம், வீட்டுக்குள்ள மாமியார் ராஜ்ஜியம், மருமக எல்லாருக்கும் பரிமாறிட்டு கடைசியில மிச்சத்தை சாப்பிடணும். பெத்தவங்க பாத்து வச்ச கல்யாணம் சர்வ சாதாரணம், வசதியானவங்கன்னா சின்ன வீடும் உண்டு. 1950ல வந்த கல்யாணச் சட்டம் தான் கட்டாயக் கல்யாணத்தையும் சின்ன வீட்டையும் தடை பண்ணுச்சு. பொம்பளைங்க வேலைக்கும் போக ஆரம்பிச்சுட்டாங்க, ஃபேக்டரி வேலையில இருந்தவங்களுக்கு 50 வயசுலயே ரிட்டயர்மென்ட், ஆம்பளைங்களுக்கு 60 (2025ல இருந்து தான் கொஞ்சம் கொஞ்சமா ஏத்துறாங்க), அதனால பேரப்பிள்ளை பொறக்குற நேரத்துல பாட்டி ஃப்ரீ, பிள்ளைய வளக்குறது சமையல் எல்லாம் அவங்க தலையில. நம்ம ஊர்ல மருமகளுக்கு விழுற வேலை அங்க பாட்டிக்கு விழுது, அது மட்டும் நியாயமான்னு கேட்டா எனக்குப் பதில் தெரியல.

1980ல இருந்து 2015 வரைக்கும் ஒரு பிள்ளை தான்னு கெடுபிடி வேற இருந்துச்சா, பல வீட்ல நாலு தாத்தா பாட்டி, ஒரு அப்பா அம்மா, ஒரே பிள்ளைன்னு ஆயிருச்சு. சீனப் புத்தாண்டுக்கு முந்தின ராத்திரி குடும்பமா உக்காந்து சாப்பிடுறது அங்க நம்ம தீபாவளிய விட பெருசு, வழக்கப்படி புருஷன் வீட்ல தான், பொண்ணு தன் அம்மா வீட்டுக்கு ரெண்டாம் நாள் தான் போகும். புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேருமே ஒத்தைப் பிள்ளைன்னா யார் வீட்டுக்குப் போறது, வருஷா வருஷம் சண்டை தான். சில பேரு ஹோட்டல்ல ஒரு பெரிய ரவுண்டு டேபிளா புக் பண்ணி சம்பந்தி ரெண்டு பேரையும் ஒண்ணா உக்கார வச்சுடுறாங்களாம், கெட்டிக்காரப் பயலுக.

சரி டேபிளுக்கு வருவோம். எங்க மாமியார் முதல் நாளே எச்சில் ஆகும், இதெல்லாம் ஆகாதுன்னுட்டாங்க. இந்தச் சுத்துற தட்டை 1915 வாக்குல சொன்னதே எச்சிலுக்குப் பயந்து தான்! பினாங்குல பொறந்த டாக்டர் வு லியன்தே, 1910-11ல வடகிழக்குச் சீனாவுல மஞ்சூரியா பிளேக்கை அடக்குனவரு, எல்லாரும் ஒரே பாத்திரத்துல சாப்பிடுற குச்சிய விட்டா டிபி பரவும்னு சுத்துற தட்டு வைங்க, பாத்திரத்துக்குத் தனிக் கரண்டி போடுங்கன்னாரு. கிண்ணத்துக்குக் கிண்ணம் கரண்டி போட்டதும் மாமியாரும் சமாதானம்.

இட்லி சட்னி பொடிக்கு சூப்பர். கறிக்கொழம்பு ஓகே. ரசம் வைக்கவே வைக்காதீங்க, மாமனார் அயிரை மீன் கொழம்பை எட்டி எடுக்கப் போக, என் பையன் அந்தப் பக்கம் ஒரு தள்ளு தள்ளுனான், ரசம் மொத்தமும் அவரு வேட்டியில. இலை போட்டு சாப்பிட இடம் பத்தாது, தட்டு தான். ஆனா நான் அடுப்படிக்கும் டேபிளுக்கும் நடக்குறது நின்னுருச்சு, கொழம்பு வேணும்னா அவங்களே தள்ளிக்கிறாங்க, வீட்டுக்காரர் கூட. தோசை அன்னைக்கு மட்டும் பழைய கதை தான், யாராவது ஒருத்தர் கல்லுக்கிட்ட நிக்கணும், அதுக்கு சீனாக்காரனும் ஒண்ணும் கண்டுபிடிக்கல.

பேரிங் கொஞ்ச நாள்லயே கரகரன்னு சத்தம் போட்டுச்சு. கடையில கேட்டா வாரண்டி மரத்துக்கு மட்டும்னுட்டாய்ங்க, தெரு முனை சைக்கிள் கடைக்காரர் தான் கிரீஸ் வச்சு சரி பண்ணிக் கொடுத்தாரு. நீங்க வாங்குறதா இருந்தா கண்ணாடி மேல வெயிட்டான சாமான் நாலு வச்சு சுத்திக் காட்டச் சொல்லுங்க, பேரிங் வாரண்டிய பில்லுலயே எழுதி வாங்கிக்கங்க. அஞ்சுக்கு மூணரை ஸ்டார்.